ஏழு தரம் சுத்தின கதை

பொய்யில் இருக்கிற பெரிய கரைச்சல் என்னவென்றால், சொன்னவனுக்கு அது மறந்துபோகும், கேட்டவனுக்கு மறக்காது. நானும் எல்லாரையும் போலச் சின்னச் சின்னப் பொய்களோடு மரியாதையாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவன்தான். (பஸ் லேட், ஃபோனில் சார்ஜ் இல்லை, இந்த வகை.) இருபத்தெட்டு வயதில் ஒரேயொரு தடவை அளவு தெரியாமல் ஒன்றைச் சொல்லித் தொலைத்தேன். அது என்னை நடுக்கடல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

சொன்ன இடம் மாத்தளை. பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் பெயர் ஷிஃபானா. அவளுடைய வாப்பா முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. நாம் ஒரு பதில் சொன்னால் சரி என்றும் சொல்லமாட்டார், பிழை என்றும் சொல்லமாட்டார். கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேற?” என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனை பிள்ளைகள் பரீட்சையில் தேவையில்லாததை எல்லாம் எழுதியிருப்பார்களோ தெரியாது.

புத்தளம் என்றேன். வேற? குடும்பம் மன்னார், தொண்ணூறில் இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்றேன். வேற? முந்தலில் இறால் பண்ணையில் நிர்வாகப் பக்கம் வேலை என்றேன். (கிளார்க். இறால் தீனி மூட்டைகளைப் புத்தகத்தில் பதிகிற வேலை.) வேற? வயது இருபத்தேழு என்றேன். வேற? கையிருப்பு முடிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஷிஃபானா வட்டிலப்பத் தட்டோடு வந்து ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குள் இருந்த கொஞ்சநஞ்சப் புத்தியும் எழும்பிப் போய்விட்டது.

“ஓங்கில்களோடயும் கொஞ்சம் பழக்கம் மாமா” என்றேன்.

ஓங்கில் என்றால் என்னவென்று பெண்ணின் உம்மா, மாமி, கேட்டார். டொல்பின் என்றேன். கற்பிட்டிக் கடலில் கூட்டம் கூட்டமாக நிற்கும், நான் அடிக்கடி போகிறவன், அதுகளுக்கு என்னைத் தெரியும், விசிலடித்தால் வரும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். பக்கத்திலிருந்த என் வாப்பா சோபாவின் தையலை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். மன்னாரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் கடல்காரர்கள் என்று மலைநாட்டில் ஒரு நினைப்பு. வாப்பா மன்னாரில் தையற்காரர், புத்தளத்திலும் தையற்காரர். நானோ பக்கத்து ஊர் பாலாவிக்குப் பஸ்ஸில் போவதென்றாலே யன்னல் பக்கச் சீட்டுக் கேட்கிற வயிற்றோடு பிறந்தவன். கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தது கிடையாது. ஓங்கிலைக் கண்டது ஃபோனில்தான்.

மாமா இந்தமுறை “வேற?” கேட்கவில்லை. “அப்ப டிசம்பர் லீவில நாங்க வாறோம். காட்டுங்க” என்றார்.

திரும்பி வரும் வழியில், சம்பந்தம் பேசிய புரோக்கர் ஒரு செய்தி சொன்னார். எனக்கு முன்னால் வந்த மாப்பிள்ளை நல்ல உத்தியோகம், சொந்த வீடு. வயதில் ஒன்றைக் குறைத்துச் சொன்னதற்காக மாமா அவனை வேண்டாம் என்றுவிட்டாராம். பொய் சொல்லுகிறவனுக்குப் பெண் இல்லை என்பதுதான் அந்த வீட்டின் ஒரே சட்டமாம். குருநாகல் வரைக்கும் நான் சொன்ன பொய்களை எண்ணி எண்ணிப் பயந்துகொண்டு வந்தேன். ஷிஃபானாவை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஒருமுறை பார்த்ததில் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்காதீர்கள், பிடித்திருந்தது.

டிசம்பர் வரைக்கும் ஓங்கில் பாடம் படித்தேன். எங்கள் கடலில் கூடுதலாக வருவது சுத்துகிற ஓங்கில். நீளமான மெல்லிய மூக்கு. உடம்பில் மூன்று நிறம், முதுகு கறுத்த சாம்பல், விலா வெளிர் சாம்பல், வயிறு வெள்ளை. முதுகில் நிமிர்ந்த முக்கோணச் செட்டை. (இந்தச் செட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.) இரவில் ஆழக்கடலில் வேட்டை, பகலில் ஓய்வு. தண்ணீருக்கு மேலே பாய்ந்து பம்பரம் போல உடம்பையே சுத்தும், ஒரே பாய்ச்சலில் ஏழு தரம் வரைக்கும். உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற மீன்களை உதறத்தான் சுத்துகிறது என்கிறார்கள், கூட்டத்துக்குச் சேதி சொல்லத்தான் என்றும் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் பாடமாக்கினேன். விசிலுக்கு வரும் என்று மட்டும் ஒரு இடத்திலும் இல்லை.

அதற்குத்தான் மரியான் அண்ணனைப் பிடித்தேன். கற்பிட்டிப் பக்கத்தில் மீன்பிடிக்கிறவர், சீசனுக்கு ஆட்களை ஓங்கில் பார்க்கக் கொண்டுபோவார். ஆள் நல்லவர், ஆனால் கதையில் எழுவாய் இருக்காது. யார் செய்தது, எது செய்தது என்று ஒருநாளும் சொல்லமாட்டார், நாமாகப் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டும். அவரிடம் திட்டத்தைச் சொன்னேன். தூரத்தில் ஓங்கில் கண்ணில் பட்டதும் அவர் ஒருமுறை இருமவேண்டும். உடனே நான் விசிலடிப்பேன். ஓங்கில் தன்பாட்டில் வரும், ஆனால் எனக்காக வந்தமாதிரி இருக்கும். மரியான் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இதெல்லாம் எதுக்குத் தம்பி, உண்மையைச் சொன்னால் என்ன என்று கேட்டார். அறிவுள்ள மனுஷன். நான்தான் கேட்கவில்லை. அந்த இருபத்தெட்டு வயது மடையனை இப்போது ரோட்டில் கண்டால் இரண்டு அறை விடுவேன்.

அவர்கள் வந்தார்கள். மாமா, மாமி, ஷிஃபானா. முதல்நாள் புத்தளத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடிகாலையில் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக்கு வெளிக்கிட்டார்கள். வழியில் ஒரு பள்ளிவாசலில் ஸுபஹ் தொழ நிறுத்தினோம். கைகால் கழுவி வுழூ செய்யப் போகும்போது என் ஃபோனை மாமாவிடம் கொடுத்தேன். தொழுகை முடிந்தது, மாமா வெளியே போய்விட்டார். நான் போகவில்லை. மாப்பிள்ளையின் பக்தியை மாமா கவனிக்கட்டும் என்று வாழ்நாளில் இல்லாத நீளத்துக்கு துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். (அல்லாஹ்வுக்கே அலுத்திருக்கும்.) அந்த இடைவெளியில் என் ஃபோன் அடித்திருக்கிறது. மாமா எடுத்து “ஹலோ” என்றிருக்கிறார். மறுபக்கம் மரியான் அண்ணன். யார் பேசுவது என்று கேட்கிற வழக்கமும் அவருக்கு இல்லை.

அவர் சொன்னதை மாமா பிற்பாடு சொல்லுக்குச் சொல் எங்களுக்கு ஒப்புவித்தார். கணக்கு வாத்தியாரின் ஞாபகம் அல்லவா. அது இதுதான்:

“தம்பி, எனக்குச் சரியான தடிமன், இருமிக்கொண்டே இருக்கிறன். இருமலை நம்பி விசிலடிச்சிராத. தொப்பியைக் கழட்டினாத்தான் அடிக்கணும், விளங்கிச்சா? நீ ஒண்டுக்கும் பயப்படாத, இண்டைக்கு நல்லாச் சுத்துவாங்கள். நேத்தும் கண்டிப் பக்கக் குடும்பம் ஒண்டு வந்தது. ஏழு தரம் சுத்தினாங்கள். அதுகள் வாயைப் பிளந்துகொண்டு இருந்ததுகள்.”

அவர் சொன்னது ஓங்கிலை. ஆனால் ஓங்கில் என்ற சொல்லை அவர் வாய் உச்சரிக்கவேயில்லை. எங்கள் நாட்டுப் பேச்சில் ‘சுத்துறது’ என்றால் பம்பரம் சுத்துவதும்தான், ஆளை ஏமாத்துவதும்தான். ‘அவன் என்னைச் சுத்திப்போட்டான்’ என்றால் மோசம் செய்துவிட்டான் என்று அர்த்தம், சுத்துமாத்து என்பது அதற்கு மேல். ஆக மாமாவின் காதில் விழுந்தது, கற்பிட்டியில் ஒரு கும்பல் இருக்கிறது, நேற்று ஒரு மலைநாட்டுக் குடும்பத்தை ஏழு தரம் ஏமாத்தியிருக்கிறது, இன்றைக்குத் தங்கள் முறை, தலைவன் உள்ளே துஆ கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது. மாமா திரும்பிப் போகவில்லை, எப்படித்தான் சுத்துகிறார்கள் பார்ப்போம் என்று முடிவெடுத்தார். நான் வெளியே வந்ததும் ஃபோனை என் கையில் தந்து, “பெரிய துஆதான் கேட்டீங்க” என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

போட்டில் ஏறினோம். லைஃப் ஜாக்கெட் போட்டோம். மரியான் அண்ணன் மாதா படத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு எஞ்சினை இழுத்தார். பிறகு இருமினார்.

நான் விசிலடித்தேன்.

கரையிலிருந்து ஐம்பது அடி கூடப் போகவில்லை. மாமி, இங்கேயே வருமா மகன் என்று ஆச்சரியப்பட்டார். சில நேரம் வரும் மாமி என்றேன். மரியான் அண்ணன் மறுபடி இருமினார். மறுபடி அடித்தேன். அவர் கண்ணால் ஏதோ சைகை காட்டினார், தலையை ஆட்டினார், இருமினார். இந்த மனுஷன் என்ன, கரையிலேயே ஓங்கில் காண்கிறாரா என்று எனக்கு ஒரே குழப்பம். ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம். அவர் இரும இரும நான் அடித்தேன். அரை மணித்தியாலத்தில் உதடு மரத்துப்போய் விசில் வெறும் காற்றாக வந்தது. ஷிஃபானா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்தாள். பயப்படுகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

மாமா மட்டும் கடலைப் பார்க்கவேயில்லை. மரியான் அண்ணனின் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசில் தோற்ற இடத்தில் அறிவைக் காட்டுவோம் என்று பாடத்தை எடுத்துவிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. “மாமா, இதுகள்ட தொழிலே சுத்துறதுதான். குட்டியில இருந்தே பழகுறதுகள். தனியச் சுத்துறதும் இருக்கு, கூட்டமாச் சேர்ந்து சுத்துறதும் இருக்கு. ஏன் சுத்துதுகள் எண்டு இன்னும் ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது.”

“எங்களுக்குத் தெரியும்” என்றார் மாமா.

ஆழம் கூடியது. அலை போட்டைத் தூக்கித் தூக்கி வைத்தது. மாத்தளைக்காரர்கள் மூன்று பேரும் கல்லுப்போல இருந்தார்கள், மலைநாட்டு வளைவுகளில் பஸ்ஸில் போய்ப் பழகிய வயிறுகள். கடற்கரைக்காரனான எனக்கு முதலில் காது அடைத்தது, பிறகு வாயில் உப்புநீர் ஊறியது, பிறகு தலை சுத்தத் தொடங்கியது. அந்த நேரம் மாமி கூடையைத் திறந்து, காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையே மகன் என்று அவித்த முட்டையும், பாண் துண்டில் பூசிய மாசிக் கருவாட்டுச் சம்பலும் என் மூக்குக்கு நேரே நீட்டினார். அன்புள்ள மனுஷி. அந்த அன்பின் வாசம் எனக்கு இன்றைக்கும் ஆகாது.

போட்டின் ஓரத்துக்குப் பாய்ந்தேன். மிச்சத்தை விவரிக்கத் தேவையில்லை. தலை வெளியே, கால்கள் உள்ளே, வயிறு விளிம்பில். போன வருஷம் சாப்பிட்டது எல்லாம் வருகிறமாதிரி இருந்தது. மரியான் அண்ணன் எஞ்சினைக் குறைத்தார். எனக்காகத்தான் குறைக்கிறார் என்று நினைத்தேன். பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது, வகுப்பில் பெயர் கூப்பிடுகிற அதே அமைதியான குரல்.

“மகன், அவர் தொப்பியைக் கழட்டிட்டார். விசிலடிங்க.”

எனக்கு வாந்தி நின்றுவிட்டது. தொப்பியா? என்ன தொப்பி? இவருக்கு எப்படி என்று யோசிப்பதற்குள், என் மூக்குக்கு ஒரு முழம் தள்ளித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு கறுத்த முக்கோணச் செட்டை மேலே வந்தது.

மூன்று மாதம் படித்த பாடம் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. முக்கோணச் செட்டை என்றால் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்று என் உடம்பு முடிவெடுத்துவிட்டது.

“சுறா! சுறா! போட்டைத் திருப்புங்க!”

என்று கத்திக்கொண்டு பின்பக்கமாக விழுந்தேன். விழுந்தது மாமியின் கூடையில். ஒரு கையில் ஷிஃபானாவின் லைஃப் ஜாக்கெட் வாரைப் பிடித்திருந்தேன். (அவளைக் காப்பாத்தத்தான் என்று அன்று சொன்னேன். இல்லை.) கூடைக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தபோது அது பாய்ந்தது.

நீள மூக்கு முதலில், பிறகு சாம்பல், வெளிர் சாம்பல், வெள்ளை. ஆள் உயரத்துக்கு மேலே போய், அந்தரத்தில் நின்று, சுத்தியது. சுத்திச் சுத்தி, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து, பக்கவாட்டில் தொப்பென்று விழுந்து எங்கள் எல்லாரையும் நனைத்தது. அடுத்தது பாய்ந்தது. அதற்கு அடுத்தது. நான் எழும்பிப் பார்த்தால் கடல் முழுக்கச் செட்டை. நூற்றுக்கணக்கில். தாயோடு ஒட்டிக்கொண்டு குட்டிகள், அதில் ஒன்று பாய்ந்து அரைச் சுற்றோடு குப்புற விழுந்தது. போட்டின் முன்பக்க அலையில் ஏழெட்டு ஓங்கில்கள் எங்களோடு ஓடி வந்தன. ஒன்று பக்கவாட்டில் சரிந்து, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. அல்லாஹ், எவ்வளவு வடிவு. நான் எல்லாவற்றையும் மறந்து, வாயைக்கூடத் துடைக்காமல், “இப்படியா இருக்கும்!” என்றேன்.

மாமா என் பக்கம் திரும்பினார்.

“அடிக்கடி காண்றதாத்தானே சொன்னீங்க.”

பொய் சொல்லக்கூட உடம்பில் சத்து இல்லை. “இல்ல மாமா. இண்டைக்குத்தான் முதல்முறை காண்றன்” என்றேன்.

“வேற?”

“கடலுக்கே இண்டைக்குத்தான் வந்த.”

“வேற?”

“பண்ணையில நிர்வாகம் இல்ல. கிளார்க்.”

“வேற?”

இருமல் ஏற்பாட்டைச் சொன்னேன். துஆவின் நீளத்தைச் சொன்னேன். நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு சக்தி இருக்கிறது, அது உள்ளே இருப்பதை எல்லாம் பிடுங்கி எடுத்துவிடும். “வயசு இருபத்தேழு இல்ல. இருபத்தெட்டு” என்றேன். சொன்ன பிறகுதான் புரோக்கர் சொன்ன அந்த வீட்டின் ஒரே சட்டம் நினைவுக்கு வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மாமா இப்போது மரியான் அண்ணனைப் பிடித்தார். நேற்று வந்த கண்டிக் குடும்பத்தை ஏழு தரம் சுத்தினது யார் என்று கேட்டார். மரியான் அண்ணன் முழித்தார். தொப்பியைப் போட்டார், கழட்டினார். பிறகு கடலைக் காட்டி, “யாரெண்டா? இவங்கள்தான் ஐயா. வேற ஆர் சுத்துவாங்கள்?” என்றார். சரியாக அந்த நேரம் ஒரு ஓங்கில் பாய்ந்து, தன் பங்குக்குச் சாட்சி சொல்லிவிட்டு விழுந்தது. மாமா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பள்ளிவாசலடியில் வந்த ஃபோனைப் பற்றி அப்போதுதான் சொன்னார். ஷிஃபானாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. முந்தானையை விட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

“அது சுத்துறதுக்கு ஏதோ காரணம் இருக்காம்” என்றார் மாமா. “நீங்க எங்களைச் சுத்தினதுக்கு?”

“உங்கட மகளை எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு மாமா. கிளார்க்குக்கு, தையற்காரர்ட மகனுக்குத் தரமாட்டீங்க எண்டு பயந்துட்டன்.”

இதற்கு அவர் “வேற?” கேட்கவில்லை. கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு விரல்களை மடக்கி எண்ணிவிட்டு மரியான் அண்ணனிடம், “ஏழு இல்ல. நான் கண்டது கூடிப்போனா நாலரை” என்றார். மரியான் அண்ணனுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. ஏழுதான் என்று இருமி இருமிச் சாதித்தார். இறங்கும்வரை இரண்டு பேரும் அதே கதைதான். என் வாழ்க்கை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது ஒருவருக்கும் பொருட்டாக இல்லை.

மூன்று நாள் பதில் இல்லை. நான் பண்ணையில் தீனி மூட்டைகளைப் பிழையாகப் பதிந்துகொண்டிருந்தேன். நான்காம் நாள் மாமாவே ஃபோனில் கூப்பிட்டார். பொய் சொல்லுகிறவனுக்குப் பெண் தருவதில்லை என்பதில் மாற்றமில்லை, ஆனால் நடுக்கடலில் யாரும் நிர்ப்பந்திக்காமல் வயதைக்கூட ஒப்புக்கொண்டவனைப் பொய்யன் கணக்கில் சேர்ப்பதா என்று வீட்டில் கதை வந்ததாம். மாமி உங்கள் பக்கம், மகளும் உங்கள் பக்கம் என்றார். அவர் எந்தப் பக்கம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சந்தோஷம் தாங்காமல் நன்றியாக, “ஜஸாகல்லாஹ் ஹைர் மாமா” என்றேன்.

“வேற?” என்றார்.

நிக்காஹ் அன்று சம்மதமா என்று மௌலவி கேட்டதற்கு “கபூல் செய்தேன்” என்று நான் சொல்லி முடித்ததும் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் மாமாவின் வாயைப் பார்த்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேயில்லை என்றதற்கே சபை முழுக்கச் சிரித்தது, மௌலவிக்கு மட்டும் விளங்கவில்லை.

அது அதோடு போயிருக்கலாம். போகவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு கரப்பான் பூச்சியைக் கண்டு நான் துள்ளினாலும் ஷிஃபானா இரண்டு கையையும் தலைக்கு மேல் முக்கோணமாகக் குவித்துக்கொண்டு நடந்து போவாள். மரியான் அண்ணன் வருஷா வருஷம் மாமாவுக்குக் கருவாடு அனுப்பி, பார்சலின் மேல் பேனையால் ‘7’ என்று எழுதுவார். மாமா திருப்பிச் சாதிக்காய் அனுப்பி ‘4½’ என்று எழுதுவார். இவர்கள் இரண்டு பேரும் திருந்துவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

போன கிழமை மகள் பள்ளிக்கூடத்தில் ஓங்கிலைப் பற்றிப் பேச வேண்டும் என்றாள். மூன்று நிறத்தையும் நீள மூக்கையும் நிமிர்ந்த செட்டையையும் சொல்லிக் கொடுத்தேன். வாப்பா நேரில் கண்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். ஓம், எத்தனையோ முறை என்றேன். அவளுக்கு ஏழு வயது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வேற?” என்றாள்.

“ஒரே ஒருமுறைதான் மகள்” என்றேன்.